கார் கொதிக்கிறதே, என்ன செய்வது?

மலை ஏறும் டிரைவர்கள் கேட்கும் கேள்விகள்

மே மாதம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. மேட்டுப்பாளையம் ரோட்டில் கார்கள் எறும்புச் சாரை போல ஊர்ந்து போகின்றன. காருக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி. பின்னால் பெட்டிகள், புளியோதரைப் பொட்டலம், தண்ணீர்க் கேன். எல்லோரும் ஊட்டிக்குப் போகிறார்கள்.

கல்லாற்றைத் தாண்டினால் பாக்குத் தோப்புகள் முடிந்து மலை தொடங்குகிறது. அங்கே இருந்து கொஞ்ச தூரம் போனால் வேறு ஒரு காட்சி. ரோட்டு ஓரத்தில் ஒரு கார் நிற்கிறது. பானட் திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்து குபுகுபு என்று ஆவி வருகிறது. பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குரங்குகளை வேடிக்கை பார்க்கிறார்கள். அப்பா கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகிறார்.

ஐயோ! அதைத்தான் அவர் செய்யக் கூடாது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோ மீட்டர் ரோடு. அந்த 50 கிலோ மீட்டருக்குள் கார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பிறகு அதே உயரம் இறங்க வேண்டும். ஊரில் ஒரு வருஷமாக மறைந்து இருந்த கோளாறு, மலையில் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து விடும்.

அதனால் மலை அடிவாரத்துப் பட்டறைகளில் டிரைவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். சொந்தக் கார் வைத்து இருப்பவரும் அதைத்தான் கேட்பார். வாடகைக் கார் ஓட்டுகிறவரும் அதைத்தான் கேட்பார்.

குக்கரும் ரேடியேட்டரும்

"அண்ணே, வண்டி கொதிக்குது. மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?"

"தொடாதீங்க தம்பி! ஆறட்டும்."

ஏன் தொடக் கூடாது? வீட்டில் சமையல் செய்யும் தாய்மார்களுக்கு இதை எளிதில் சொல்லி விடலாம். குக்கர் அடுப்பில் இருக்கிறது. ஆவி அடங்கவில்லை. அப்போது மூடியைத் திறப்பார்களா? மாட்டார்கள். ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி போன்ற உயரமான ஊரில் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்து விடும். (ஊட்டியில் பருப்பு வேகவில்லை என்று சொல்வது இதனால்தான்.) ஆனால் என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்கக் கூடாது. அதற்காகத்தான் ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வைத்து இருக்கிறார்கள். அது ஆவியை வெளியே விடாமல் அமுக்கி வைக்கிறது. அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் சுமார் 120 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். குக்கருக்குள் நடப்பதும் இதுதான்.

இந்த நிலையில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அமுக்கி வைத்த அழுத்தம் ஒரே நொடியில் போய் விடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியே பொங்கி, ஆவியும் வெந்நீருமாக மேலே பீறிட்டு அடிக்கும். திறந்தவரின் முகம், கழுத்து, மார்பு எல்லாம் வெந்து போகும். கையில் சுற்றிய துண்டு கையை மட்டும்தான் காப்பாற்றும்.

இப்போது வரும் பல கார்களில் ரேடியேட்டரின் மேல் மூடியே இருக்காது. பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். "இது வெறும் பிளாஸ்டிக் டப்பாதானே" என்று நினைத்து அதைத் திறந்து விடுகிறவர்கள் உண்டு. அந்தத் தொட்டியிலும் அதே அழுத்தம்தான் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியதுமே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். பிறகு கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றாடியை வேகமாகச் சுழல விட வேண்டும். மே மாதத்தில் ஹீட்டரா என்று பாட்டி கேட்பார். கேட்கட்டும். ஹீட்டருக்கு வரும் சூடு என்ஜினில் இருந்துதான் வருகிறது. அது காருக்குள் வந்தால், அந்த அளவுக்கு என்ஜினின் சூடு குறையும். பல சமயம் இந்த உபாயத்திலேயே முள் கீழே இறங்கி விடும்.

இறங்கவில்லையா? சிவப்பு விளக்கு எரிகிறதா? பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைத்து விட வேண்டும். ஆவி குபுகுபு என்று வரும்போது பானட்டைத் தூக்கக் கூடாது. ஆவி அடங்கியதும் திறக்கலாம். திறந்த பிறகும் காற்றாடி பக்கம் கையையோ, சேலைத் தலைப்பையோ, துப்பட்டாவையோ கொண்டு போகக் கூடாது. என்ஜின் அணைந்து இருந்தாலும் பல கார்களில் காற்றாடி திடீர் என்று தானே சுழலும்.

அரை மணி நேரமாவது ஆற வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அதன் பிறகு மூடியில் தடிமனான துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் திருகு மட்டும் திருக வேண்டும். "உஸ்" என்ற சத்தம் வந்தால் அப்படியே நிறுத்தி, சத்தம் அடங்கும் வரை காத்து இருக்க வேண்டும். சத்தம் ஓய்ந்த பிறகே முழுதும் திறக்கலாம்.

தண்ணீரையும் மெதுவாகத்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகிறது? கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அதன் தலைப் பகுதி வளைந்து போகும், அல்லது விரிசல் விடும். அப்புறம் செலவு ஆயிரங்களில் நிற்காது.

ஒரு தடவை தண்ணீர் ஊற்றிய பிறகு கார் நன்றாக ஓடுகிறது என்று விட்டு விடக் கூடாது. தண்ணீர் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் வெடித்து இருக்கலாம். காற்றாடி சுழலாமல் இருக்கலாம். அதற்குக் காரணம் சின்ன பியூஸ் ஒன்று போனதாகக் கூட இருக்கும். எங்கும் ஒழுக்கே இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. என்ஜின் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காப்பி போல் இருக்கிறது. அப்படியானால் தண்ணீரும் ஆயிலும் கலந்து விட்டன என்று அர்த்தம். அந்தக் காரை ஓட்டக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"போர் தண்ணீர் ஊற்றலாமா?" என்றும் கேட்பார்கள். வழியில் வேறு கதி இல்லை என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஆனால் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளைப் பாறை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஊருக்கு வந்ததும் அதைக் கழுவிவிட்டு, காருக்கு உரிய கூலண்டை ஊற்ற வேண்டும். கூலண்ட் பெரும்பாலும் பச்சை அல்லது ரோஜா நிறத்தில் இருக்கும். இனிக்கும். ஆனால் அது விஷம்! குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கருகல் வாடை எங்கே இருந்து வருகிறது?

மலையில் வருகிற கருகல் வாடைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஏறும்போது வந்தால் பெரும்பாலும் கிளட்ச். இறங்கும்போது வந்தால் பெரும்பாலும் பிரேக்.

குன்னூர் மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசனில் அங்கே வண்டிகள் நின்று நின்று போகும். நிற்கிற காரைப் பின்னால் உருளாமல் பிடிக்க வேண்டும். புது டிரைவர்கள் என்ன செய்கிறார்கள்? கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் அமுக்கி, அப்படியே காரை நிறுத்தி வைக்கிறார்கள். கார் நிற்கும். ஆனால் உள்ளே கிளட்ச் தட்டு உரசி உரசித் தேயும். காகிதம் கருகினது போல வாடை வரும். இப்படி ஒரே பயணத்தில் தீர்ந்து போன கிளட்சும் உண்டு.

நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும். புறப்படும்போது கிளட்சை விட்டுக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இதை ஊரில் ஏதாவது ஒரு பாலத்துச் சரிவில் பத்துத் தடவை பழகிக்கொண்டு மலைக்கு வருவது நல்லது.

மலைப் பாதையில் இன்னொரு சட்டமும் உண்டு. இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி கிளம்புவது கடினம். அதனால்தான் இந்த ஏற்பாடு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் வழி விடுகிறார்கள்?

"வண்டி இழுக்கவில்லையே, என்ன கோளாறு?" என்று குன்னூரில் கேட்கிறவர்களும் உண்டு. கோளாறு வண்டியில் இல்லை. காற்றில் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சுக் காற்று குறைந்தால் ஆளும் மெதுவாகத்தான் ஏறுவான். என்ஜினும் அப்படித்தான். ஒரு கியர் குறைத்துப் போட்டால் ஏறி விடும்.

பழைய அம்பாசடர் டிரைவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். கார் நின்று விடும். உடனே பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுவார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் கார் கிளம்பும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்று போயிற்று. அந்த ஈரத் துணி வைத்தியமும் அதோடு போயிற்று.

இறங்கும்போதுதான் ஆபத்து

ஏறும்போது வருகிற கோளாறு பணத்தைத் தின்னும். இறங்கும்போது வருகிற கோளாறு ஆளைத் தின்னும்.

"பிரேக் ஆயில் எப்பங்க சார் மாத்துனீங்க?" என்று மெக்கானிக் கேட்பார்.

"பிரேக் ஆயிலா? அதை மாத்தணுமா? குறைஞ்சா ஊத்துறதுதானே?"

பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் பதில் சொல்வார்கள்.

பிரேக்கை மிதித்தால் சக்கரம் ஏன் நிற்கிறது? மிதியின் அடியில் இருந்து சக்கரம் வரை மெல்லிய குழாய்கள் போகின்றன. அவற்றில் பிரேக் ஆயில் நிறைந்து இருக்கிறது. கால் அமுக்கும் பலத்தை அந்த ஆயில் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. அங்கே இரண்டு கட்டைகள் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. உரசினால் சூடு பிறக்கும். எவ்வளவு சூடு?

காரும் நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஐந்து குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும் என்றால் அது என்ன ஆகும்?

பிரேக் கட்டை சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிதி கல் மாதிரி இருக்கும், ஆனால் கார் நிற்காது. இது ஒரு வகை. இன்னொரு வகை இதைவிட மோசம். பிரேக் ஆயிலே கொதித்து விடும். குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதி பஞ்சு போல் அமுங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொடும். கார் நிற்காது.

பிரேக் ஆயில் அவ்வளவு எளிதில் கொதிக்குமா? புதிது கொதிக்காது. டாட் 3 என்று குறி போட்ட புது ஆயில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். டாட் 4 ஆயில் 230 டிகிரி தாங்க வேண்டும். ஆனால் பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்து உப்பு போல அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நூற்றில் நான்கு பங்கு கூட ஈரம் சேர வேண்டாம். அதற்குள்ளேயே டாட் 3 ஆயிலின் தாங்கும் அளவு 140 டிகிரிக்கும், டாட் 4 ஆயிலின் அளவு 155 டிகிரிக்கும் இறங்கி விடலாம். பார்வைக்கு ஆயில் அப்படியே இருக்கும். தொட்டியில் அளவும் குறைந்து இருக்காது. ஊரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். மலையில்தான் சாயம் வெளுக்கும்.

அதனால் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். எந்த டாட் என்பது தொட்டி மூடியிலேயே எழுதி இருக்கும்.

இதில் ஒரு ஏமாற்று வித்தையும் இருக்கிறது. பிரேக் பிடிக்காமல் நடுங்கிப் போன டிரைவர், எப்படியோ காரை ஓரம் கட்டி நிறுத்துவார். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும்! ஆவி குளிர்ந்து மறுபடி ஆயில் ஆகி விட்டது. "ஒன்றும் இல்லை, சும்மா பயந்து விட்டோம்" என்று அவர் பயணத்தைத் தொடர்வார். ஒன்றும் இல்லாமல் இல்லை. ஒரு முறை கொதித்த ஆயில் அடுத்த முறையும் கொதிக்கும்.

ரெயில் எப்படி இறங்குகிறது?

பிரேக்கை மிதிக்காமல் எப்படி இறங்குவது என்று கேட்கலாம். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899 முதல் மலை ரெயில் ஓடுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடி போனால் ஒரு அடி உயரும் ஏற்றமும் உண்டு. அந்தப் பகுதியில் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு இருக்கிறார்கள். ரெயிலின் பல் சக்கரம் அந்தப் பட்டையைக் கடித்துக்கொண்டே ஏறுகிறது, கடித்துக்கொண்டே இறங்குகிறது.

காருக்குக் கியர்தான் அந்தப் பல் சக்கரம். இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், என்ஜினே காரைப் பிடித்து நிறுத்தும். எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். இது பழைய லாரி டிரைவர்களின் பாடம். வேகம் கூடினால் பிரேக்கைப் பலமாக ஒரு மிதி மிதித்து, உடனே விட்டு விட வேண்டும். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. விட்ட நேரத்தில்தான் பிரேக் ஆறுகிறது.

"நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் ஆகுமே?" இது பல வருஷங்களாக விடாமல் வரும் கேள்வி. இல்லை! இப்போதைய கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், என்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் காரே நிறுத்தி விடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். ஆக, உயிரைப் பணயம் வைத்து நியூட்ரலில் இறங்குகிறவருக்குத்தான் பெட்ரோல் அதிகம் செலவு.

ஆட்டோமேட்டிக் கார் வைத்து இருப்பவர்கள் "எனக்குக் கியரே கிடையாதே" என்பார்கள். உண்டு. கம்பியின் பக்கத்தில் 'எல்' என்றோ, '2' என்றோ, 'எம்' என்றோ எழுதி இருக்கும். இறங்கும்போது அதைப் போட வேண்டும். மின்சாரக் காரில், காலை எடுத்தால் மோட்டாரே காரைப் பிடித்து, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். ஆனால் பாட்டரி ஏற்கனவே நிறைந்து இருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்து போகும். அதனால் ஊட்டியில் தங்கி விட்டுக் கிளம்புகிறவர்கள் பாட்டரியை முழுதும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு ஏற்றுவது நல்லது. இறங்கும்போது இலவசமாகவே ஏறும்.

இவ்வளவும் செய்தும் பிரேக் போய் விட்டால்? பயத்தில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங் இரும்பு போல் ஆகி விடும். சாவியை எடுத்து விட்டால் பூட்டியே விடும். பிரேக்கை மடமட என்று பல தடவை மிதிக்க வேண்டும். அதில் சில சமயம் கொஞ்சம் பிடிப்பு வரும். மூன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து ஒன்று என்று கியரைக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல், பட்டனை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஹாரனை விடாமல் அடித்து, விளக்கைப் போட வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் காரைப் பள்ளத்தின் பக்கம் விடாமல், மலைச் சுவரின் பக்கம் உரச விட வேண்டும். கார் கெட்டால் கெடட்டும்.

சக்கரத்தில் வாடையோ புகையோ வந்தால் நிறுத்தி ஆற விட வேண்டும். அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான தட்டு கோணிப் போகும். பர்லியாறில் கடைகள் இருக்கின்றன. ஒரு டீ குடித்து, பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுத்து, சாவகாசமாகக் கிளம்பலாம்.

நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைக்கிறவர்கள், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். நடு ரோட்டில் கிடக்கும் அந்தக் கல்லில் ஏறி இரவில் எந்த மோட்டார் சைக்கிள்காரன் விழுவானோ!

டயருக்குக் காற்று எவ்வளவு?

சென்னையில் இருந்து வருகிறவர்கள் மலை ஏறும் முன்பே ஏறத்தாழ 500 கிலோ மீட்டர் ஓட்டி விடுகிறார்கள். கொதிக்கும் ரோடு. முழுப் பாரம். அதில் பலருக்கு ஒரு நம்பிக்கை. "வெயில் காலம், காற்று விரியும், அதனால் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும்."

இது தலைகீழான யோசனை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைக் கையால் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுகிறது அல்லவா? டயரும் அப்படித்தான் சூடாகிறது. கடைசியில் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைந்த டயர்தான். சரியான அளவு டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டிய தூணில் ஒட்டி இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழுப் பாரத்துக்கு ஒரு அளவு. காலையில் டயர் ஆறி இருக்கும்போது அந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும். வழியில் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு வர்க்கி வாங்கலாம்.

டயரின் வயசையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. அதிகம் ஓடாத காரில் டயர் தேயாமலேயே கிழடு ஆகி, வெடிப்பு விட்டு இருக்கும். ஸ்டெப்னியையும் பார்க்க மறக்கக் கூடாது. தேவைப்படும் நாளில் ஸ்டெப்னியில் காற்று இருக்காது என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி!

விளக்கின் நிறம்

மீட்டர் பலகையில் ஏதாவது விளக்கு எரிந்தால் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. அலாவுதீன் விளக்கு போல் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது என்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் என்ஜின் அடுத்த ஊர் வரை வராது.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அழுக்கை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. டீசல் காரில் மாற்றின சில நாளிலேயே கறுத்து விடும். அளவுதான் முக்கியம். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். இதற்கு மெக்கானிக் வேண்டியது இல்லை. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையே பார்த்து விடும்.

காருக்கு அடியில் ஒழுக்கு தெரிந்தால், இரவில் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கலாம். காலையில் காகிதம் கதை சொல்லும். நிறம் இல்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், கவலை இல்லை. பச்சை, ரோஜா என்றால் கூலண்ட். கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். சக்கரத்துக்குப் பக்கத்தில், மஞ்சளாக, வழுவழு என்று இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை வாசலை விட்டே எடுக்கக் கூடாது.

பிரேக் மிதிக்கும்போது "கீச்" என்ற சத்தம் வருகிறதா? பல கார்களில் பிரேக் கட்டை தேய்ந்து தீரும் நிலை வந்தால் தட்டில் உரசிக் கத்துவதற்கு என்றே ஒரு சின்னத் தகடு வைத்து இருக்கிறார்கள். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் அது கேட்காது. அது வேறு விஷயம்.

மேட்டுப்பாளையம் வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. காரை நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டு போக வேண்டும். தொடக் கூடாது, சுட்டு விடும். அனலை மட்டும் பார்த்தால் போதும். முன் சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவு அனல் வர வேண்டும். பின் சக்கரங்களிலும் அப்படியே. ஒன்றில் மட்டும் அனல் அதிகமாக வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஒன்றில் மட்டும் சூடே இல்லை என்றால், மலை முழுக்க அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலை செய்யவே இல்லை. இரண்டில் எது என்றாலும், ஊருக்குக் கிளம்பும் முன் அங்கேயே பட்டறையில் காட்டி விட வேண்டும்.